ஆறு விரல் மாப்பிள்ளை

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்தில் பத்தொன்பது வருஷமாகக் கல்யாணத் தரகு ஆபீஸ் நடத்துகிறேன். "எங்க பையன் குடிக்கவே மாட்டான்" என்று அம்மாக்காரி சத்தியம் செய்த மாப்பிள்ளையை, காலை பத்து மணிக்கே காப்பிக் கடையில் பீரும் கையுமாகப் பார்த்தவள் நான். மாப்பிள்ளையின் உயரத்தில் இரண்டு அங்குலத்தைக் குறைத்து, பெண்ணின் வயதில் இரண்டைக் கூட்டித்தான் எதையும் காதில் வாங்குவேன்.

அப்படிப்பட்ட என் ஆபீஸிலிருந்தே 1988-ல் ரகசியம் வெளியே போக ஆரம்பித்தது.

முதலில் வந்து கத்தியவர் சுவா சூ காங் பக்கம் குடியிருந்த மருதப்பன். அவர் மகள் கமலாவுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்திருந்தது. பத்து வயதோடு நின்றும் போனது. மாப்பிள்ளை வீட்டாரிடம் அதை நானே நேரில் பக்குவமாகச் சொல்வதாக ஏற்பாடு. அதற்கான தாளைத் தமிழில் டைப் அடிக்க வைத்து அலமாரியில் பூட்டியிருந்தேன். அதற்குள் இரண்டு தெரு தள்ளிப் புதிதாகத் தரகு ஆபீஸ் திறந்திருந்த ஒருவன் அவர்களுக்குப் போன் போட்டு, "அந்தப் பொண்ணுக்கு வலிப்பு, நம்மகிட்ட வேற நல்ல இடம் இருக்கு" என்று சொல்லிவிட்டான்.

"ஒங்க ஒருத்தர்கிட்டதானேம்மா சொன்னேன்!" என்று மருதப்பன் என் மேசையைத் தட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

விஷயம் எனக்குத் தெரியும். டைப் அடித்த பிரிஜட்டுக்குத் தெரியும். மூன்றாவது ஆள் கிடையாது.

பிரிஜட்டுக்கு இருபத்தேழு வயது. கிளமெண்டியில் அம்மாவோடு இருந்தாள். ஐந்து வருஷமாக என்னிடம் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு எனக்கு முன்வரிசையில் உட்காருவாள். புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கிற சூசைநாதனுக்கு அவளை நிச்சயம் செய்து வைத்ததே நான்தான். ஜனவரியில் கல்யாணம். அவள் மேல் சந்தேகப்பட எனக்கே கசந்தது. ஆனாலும் பட்டேன். அவள் டாய்லெட் போன நேரத்தில் அவள் கைப்பையைத் துழாவினேன். ஒரு ஜெபமாலையும் பாதி கறி பஃப்பும் இருந்தன.

ஆபீஸுக்கு வந்துபோகிற இன்னொருவன் சேதுபதி. நான் வாங்கிய கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். தமிழ் எழுத்து வருகிற புரோகிராம் ஒன்றை டிஸ்க்கில் போட்டுச் சும்மாவே கொடுத்தவன் அவன். நம் டைப் அடிக்கிற புரோகிராமோடு அது ஒட்டிக்கொண்டு, நாம் தட்டுவதையெல்லாம் தமிழாக்கிப் பிரிண்டருக்கு அனுப்பும். மாதம் ஒரு முறை வந்து, "எழுத்த இன்னும் அழகாக்கியிருக்கேன்க்கா" என்று பழைய டிஸ்க்கை எடுத்துக்கொண்டு புது டிஸ்க்கை வைத்துவிட்டுப் போவான். அவனுக்கு நான் கோப்பி கலக்கிக் கொடுப்பேன்.

பிரிஜட்டுக்கு மட்டும் அவனைப் பிடிக்காது. டிஸ்க்கின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால், மெஷின் அந்த டிஸ்க்கைப் படிக்கலாம், அதில் எதையும் எழுத முடியாது. எல்லா டிஸ்க்கிலும் அதை ஒட்டுவது அவள் பழக்கம். சேதுபதி அவன் டிஸ்க்கில் மட்டும் அதை உரித்துப்போடுவான்.

"ஒட்டினா எழுத்து வராது, லா," என்பான்.

"எழுத்த படிக்கத்தானே அந்த டிஸ்க்? அதுல எதுக்கு எழுதணும்?" என்று அவள் ஒரு நாள் கேட்டாள். நான்தான் அவளை அதட்டினேன்.

கண்ணி வைத்தேன். சுவிசேஷமுத்து என்று ஒரு மாப்பிள்ளையை நானே உண்டாக்கினேன். வயது முப்பத்தொன்று, கப்பல் பட்டறையில் வேலை, இடது காலில் ஆறு விரல். போன் நம்பருக்கு என் தம்பி வீட்டு நம்பர். பிரிஜட்டை டைப் அடித்துப் பிரிண்ட் எடுக்கச் சொல்லி, தாளை வாங்கி அவள் கண் முன்னாலேயே பூட்டினேன். மூன்று வாரத்தில் என் தம்பிக்குப் போன் வந்தது. "சுவிசேஷமுத்து இருக்காரா? ஆறு விரல பெருசா எடுத்துக்காத பொண்ணு ஒண்ணு நம்மகிட்ட இருக்கு."

இனி என்ன சாட்சி வேண்டும்? மறுநாள் காலையிலேயே பிரிஜட்டை நிற்க வைத்துக் கேட்டேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லல அக்கா," என்றாள். "டைப் அடிக்கும்போது நாம ரெண்டு பேரு மட்டும் இல்ல. அந்த புரோகிராமும் இருந்துச்சு."

"புரோகிராமுக்கு வாய் இருக்கா?" என்று சிரித்தேன். அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டேன். அவள் அழக்கூட இல்லை. அதையும் நான் அழுத்தம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து சூசைநாதனின் அம்மா உர்சுலா போன் செய்தாள். "ஏன் நம்ம பிரிஜட் வேலைக்கு வரலயாம்?" என்று கேட்டாள். மழுப்பியிருக்கலாம். எரிச்சலில் இருந்தேன். "வீட்டு விஷயம் வெளிய போகாம இருக்கணும்னா யோசிச்சுக்குங்க," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நானே இரண்டு விரலால் டைப் அடித்தேன். அடுத்த மாதம், நான் மட்டுமே அடித்து நான் மட்டுமே பூட்டிய ஒரு தாளின் விஷயமும் அந்தப் புது ஆபீஸுக்குப் போய்விட்டது. தூக்கத்தில் உளறுகிறேனோ என்று என்னையே சந்தேகப்பட்டேன். பிறகுதான் பிரிஜட் சொன்னது உறைத்தது. சேதுபதியின் டிஸ்க்கை எடுத்து, அந்த வெட்டின் மேல் ஸ்டிக்கரை ஒட்டி, மெஷினில் செருகினேன். தமிழ் நன்றாகவே வந்தது. பிரிண்ட் கொடுத்தேன். மெஷின் கிர்ரென்று நின்று, இந்த டிஸ்க்கில் எழுத முடியவில்லை என்று இங்கிலீஷில் முறையிட்டது.

எழுத்துக் காட்ட வந்த புரோகிராமுக்கு, நான் பிரிண்ட் எடுக்கும்போது எதை எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது?

தொழிற்கல்லூரி லேபில் வேலை பார்க்கும் லாசரஸ் எங்கள் கோயில்காரர். டிஸ்க்கை அவரிடம் கொண்டுபோனேன். கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்த ஃபைலை அவர் திறந்து காட்டினார். அந்த மாதம் நான் பிரிண்ட் எடுத்த தாள் ஒன்று விடாமல் அதில் நகலாக இருந்தது. டிஸ்க்கை மாதாமாதம் மாற்றியது எழுத்தை அழகாக்க இல்லை, அந்த நகலை இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய்க் கொடுக்க.

"தட்டுறத எல்லாம் பாக்க விட்டாத்தான் அது தமிழாக்கும்க்கா," என்றார். "வேற ஆள்கிட்ட வாங்கினாலும் ஸ்டிக்கர் ஒட்டியே ஓட்டுங்க. டிஸ்க் ரூம விட்டு வெளிய போகக் கூடாது. தமிழ் அடிக்காத நேரத்துல கழட்டி வைங்க. எழுதணும்னு அடம் பிடிச்சா, அந்த புரோகிராமே வேணாம்."

அடுத்த முறை சேதுபதி வந்தான். டிஸ்க் லாசரஸிடம் இருக்கிறது என்றேன். கோப்பியைக்கூட குடிக்காமல் படியிறங்கிப் போனான். அவனைத் திட்ட எனக்கு நேரமில்லை. நான் கிளமெண்டிக்குப் போக வேண்டியிருந்தது.

பிரிஜட் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டேன். வேலைக்குத் திரும்பி வா என்றேன்.

"வேலை வேற கெடச்சிருச்சு. சூசை வீட்டுல நிச்சயத்த முறிச்சிட்டாங்க அக்கா. நீங்க ஏதோ சொன்னதா சொன்னாங்க." அப்போதுதான் அவள் கண் கலங்கியது. "அது பொய்னு போயி சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

நேராக புக்கிட் பாஞ்சாங்குக்கு பஸ் ஏறினேன். தரகுக்காக எத்தனையோ வீட்டுப் படி ஏறியிருக்கிறேன், சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க ஏறியதில்லை. உர்சுலா வாய் நிறைய வரவேற்று உட்கார வைத்தாள். சேதுபதி, டிஸ்க், நகல் எல்லாவற்றையும் சொன்னேன். பிரிஜட் மேல் ஒரு குற்றமும் இல்லை, வாயைக் காக்காதவள் நான்தான் என்றும் சொன்னேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"பிலோமினாக்கா, ஒங்களுக்கு எளகின மனசு. அந்தப் பொண்ணு வந்து அழுதிருப்பா. மெஷின் திருடிச்சாம், யாரு லா நம்புவா?"

"மாதா மேல சத்தியமா சொல்றேன்."

"நீங்க சும்மா ஒருத்தர சந்தேகப்பட மாட்டீங்கக்கா. ஊருக்கே தெரியும். நல்ல நேரத்துல ஒரு வார்த்தை சொல்லி எங்க குடும்பத்தக் காப்பாத்துனீங்க."

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். குரல் உயர்ந்தது, அழுகையும் வந்தது. நான் அழ அழ அவளுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. எழுந்து உள்ளே போய் சூசைநாதனின் புதுப் போட்டோ ஒன்றை எடுத்து வந்தாள்.

"வேற நல்ல பொண்ணா பாருங்க," என்று சொல்லி, அதை என் கைப்பையில் அவளே வைத்து மூடினாள்.