காதில் போடும் ஊசி

எனக்குக் காது கேட்காது என்று போன வாரம் வரை நான் யாரிடமும் சொன்னதில்லை. "கொஞ்சம் மந்தமுங்க" என்பேன். சூலூரில் முப்பது வருடம் விசைத்தறி ஓட்டியவன் செவிடனானதற்கு நானாக வைத்துக்கொண்ட கௌரவமான பெயர் அது.

காது மெஷின் மாட்டிக்கொள்ளச் சொல்லி மனைவி செவ்வந்தி மன்றாடிப் பார்த்தாள். நான்தான் விஞ்ஞானம் தெரிந்தவனாயிற்றே, போனில் பார்த்த விஞ்ஞானம். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்கு வெளிநாட்டில் காதுக்குள் ஒரு ஊசி போடுகிறார்கள், அம்மா கூப்பிட்டதும் குழந்தை திரும்பிப் பார்க்கிறது. அந்த வீடியோவை டீக்கடையில் நான் காட்டாத ஆள் பாக்கியில்லை. "நமக்கும் வந்துருமுங்க" என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருடம் ஓட்டிவிட்டேன். அதுவரை யார் என்ன சொன்னாலும் "செரிங்க" என்று தலையாட்டுவதுதான் என் வைத்தியம். அப்படித் தலையாட்டியே தறிக்காரர் சங்கத்துக்குத் துணைத்தலைவரானேன். அங்கே எனக்கு என்ன வேலை என்று இன்றுவரை தெரியாது.

போன வாரம் கோயமுத்தூரில் ஒரு காது டாக்டரம்மாவிடம் போனேன். மகள் ஹரிதா கார் ஓட்டி வந்தாள். அவளுக்குத் தை மாதத்தில் உடுமலைப்பேட்டையில் மாப்பிள்ளை பார்த்து, நிச்சயத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் ஊசியைப் போட்டுக்கொண்டு சபையில் ஜம்மென்று உட்கார வேண்டும் என்பது என் திட்டம்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை, நல்ல மனசு. என் பக்கம் குனிந்து உரக்கச் சொன்னார். "அந்த ஊசி ஒரு ஜீன் கோளாறோட பொறந்தவங்களுக்குங்க. உங்களுக்குத் தறிச் சத்தத்துல உள்காது செல்லெல்லாம் செத்துப்போச்சு. அதைத் திரும்ப வளர்க்க ஆராய்ச்சி நடக்குது, எப்ப கைக்கு வரும்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் இதைப் போட்டுப் பாருங்க."

காதுக்குள்ளேயே மறைந்துவிடும் மெஷின் ஒன்றை ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்லி மாட்டிவிட்டார். ஹரிதா காரிலேயே இருந்ததால் என் மானம் தப்பியது.

நான் ஏறி உட்கார்ந்தபோது அவள் போனில் செவ்வந்தியிடம் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரலை மட்டும் தாழ்த்தினாள். அதுவே போதும் என்று நினைத்திருப்பாள்.

"இந்த மாப்பிள்ளை வேண்டாம்னு அப்பாகிட்ட ரெண்டு தடவை சொல்லிட்டேம்மா. செரி கண்ணுன்னு தலையாட்டுனாரு. மறுநாளே தேதி குறிச்சுப்போட்டு வாராரு. கேட்டுப்போட்டும் இப்படிப் பண்ற மனுசன்கிட்ட இனி என்ன பேசறது?"

அவள் போனை வைக்கும்வரை காத்திருந்தேன்.

"நீ சொன்னது ரெண்டு தடவையும் எனக்குக் கேக்கலை கண்ணு."

திடுக்கிட்டுத் திரும்பினாள். "அப்புறம் எதுக்குங்கப்பா செரின்னீங்க?"

"எல்லாத்துக்கும் அதைத்தான் சொல்றேன் அம்மணி. எனக்குக் காது கேக்காது."

மெஷினைக் கழற்றிக் காட்டினேன். அதைத் திரும்ப மாட்டிக்கொண்டு, உடுமலைச் சம்பந்தியை அவள் எதிரிலேயே போனில் கூப்பிட்டேன்.

"மன்னிக்கோணுங்க. எனக்குக் காது கேக்காதுங்க. புள்ள வேண்டாம்னு சொன்னது தெரியாமயே தேதி குடுத்துப்போட்டேன். நிச்சயம் நடக்காதுங்க."

அவர் திட்டியதில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. நல்ல மெஷின்தான்.

போனை வைத்தேன். ஹரிதா ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்து அழுதாள். அவள் பெரியவளான பிறகு அழுது நான் கேட்டதே இல்லை. என் மகள் தைரியசாலி என்று சூலூர் முழுக்கப் பெருமையடித்திருக்கிறேன்.

"எப்பருந்து கண்ணு அழுவற?"

"தை மாசத்துல இருந்துங்கப்பா. உங்க பக்கத்து ரூம்லதான்."