கடலில் கூப்பிடாத பெயர்

மலேசியாவின் திரங்கானுக் கரையில் படகேறிவிட்டால் புலி என்று சொல்லக் கூடாது. யானை, பூனை, பன்றி என்றும் சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல்: செவே. அந்தச் சொல் எப்படிப் பிறந்தது என்று கேட்டால், ஊர் இளவட்டங்கள் பாக்சிக், அதாவது மாமா, என்று கூப்பிடும் ஜூசோ கிழவர் நாளுக்கொரு கதை விடுவார். நீந்தி வந்த புலியைக் கண்டு அவருடைய பாட்டனார் வாய் பிளந்தபோது வெளியே வந்த சத்தமாம் அது. அதைக் கேட்டு மிரண்ட புலி சயாம் வரைக்கும் நீந்தி ஓடியதாம். காப்பிக் கடையே சிரிப்பில் குலுங்கும்.

மனிதருக்கும் அதே விதிதான். பெயர் தெரிந்தால் கடல் கூப்பிட்டுக்கொள்ளும். அதனால் படகில் ஒருவன் தொப்பை, இன்னொருவன் கொட்டாவி. ஜூசோவின் மகன் டெராமான் அங்கே பல்லன்.

போன மழைக்காலத்தில் டெராமானை அலை கொண்டுபோயிற்று. உடல்கூடக் கிடைக்கவில்லை. அதிலிருந்து கிழவர் கதை விடுவதில்லை. ஒருநாள் காலையில் மகன் வேலை பார்த்த படகின் சொந்தக்காரன் டெராசிட்டின் முன்னால் போய் நின்றார்.

"என்னை அந்த இடத்துக்குக் கூட்டிட்டுப் போடா. அவன் பேரை ஒரு தடவை கூப்பிடணும்."

"என்ன பாக்சிக், படகுல பேரு சொல்றதா? அப்புறம் எவன் என்கூட வலை போட வருவான்?"

"அன்னிக்கு அவன் முங்குறப்போ என்னன்னுடா கத்துனீங்க?"

டெராசிட் தலை குனிந்துகொண்டான். "பல்லான்னுதான். பழகிப்போச்சு பாக்சிக், வேற வாயில வரல."

"அவன் அம்மா வச்ச பேரை ஒருத்தனும் கூப்பிடலையேடா. யாரோ எவனையோ கூப்பிடுறாங்கன்னு போயிட்டானோ என்னவோ."

டெராசிட் படகின் கயிற்றை அவிழ்த்தான்.

அந்த இடம் வந்ததும் இயந்திரத்தை நிறுத்தினான். தொப்பை இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். கொட்டாவி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ ஓதினான். கிழவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "டெராமான்!" என்றார். ஒரு காலத்தில் காப்பிக் கடையின் கூரையைத் தூக்கிய குரல் அது. இன்று காற்று அதைப் படகுக்குள்ளேயே தள்ளிவிட்டது. மறுபடியும் கூப்பிட்டார். இருமல்தான் வந்தது.

டெராசிட் எழுந்தான். இரண்டு கைகளையும் வாயோரம் குவித்தான்.

"டெராமான்! டேய் டெராமான்!"

காதைப் பொத்தியிருந்த தொப்பையின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. அவனும் கூப்பிட்டான். அப்புறம் கொட்டாவியும்.

கிழவர் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பத்தலடா," என்றார். "இன்னும் சத்தமா."