சேர்மன் சம்சாரத்தின் வளையல் தானம்

பாப்பாரப்பட்டி வட்டாரத்தில் ரங்கம்மாள் அளவுக்கு நாட்டுக்குத் தங்கம் கொடுத்தவர்கள் யாரும் கிடையாது. பாலக்கோட்டில் நாலு வளையல் கொடுத்தாள். பென்னாகரத்தில் நாலு வளையல். காரிமங்கலத்தில் நாலு. மாரண்டஹள்ளியில் மழை தூறிக்கொண்டிருந்தது, ஆனாலும் நாலு. எல்லாம் அதே நாலு வளையல்தான்.

சேலத்திலிருந்து தர்மபுரியைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருஷம் அது. எல்லையில் சண்டை ஓய்ந்திருந்தது. இங்கே யுத்த நிதிக்கு ஊர் ஊராகக் கூட்டம் ஓயவில்லை. ரங்கம்மாளின் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பன் யூனியன் சேர்மன். ஒரு மணி நேரம் பேசுவார். பேசி முடிக்கும்போது "தாய்மார்களே" என்று குரல் உடையும். அதுதான் அடையாளம். உடனே ரங்கம்மாள் எழுந்து, வளையல்களைக் கழற்றித் தாம்பாளத்தில் போடுவாள். பெண்கள் பக்கத்தில் விசும்பல் கிளம்பும். அப்புறம் தோடு, மூக்குத்தி, தாலிக்குண்டு என்று தாம்பாளம் நிறையும்.

மேடையை விட்டு இறங்குவதற்குள் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொள்வார்கள். சுமங்கலி வெறுங்கையோடு வீடு திரும்பலாமா? ஆளுக்கு ஒரு ஜதை கண்ணாடி வளையல் வாங்கி அவள் கையில் ஏற்றிவிடுவார்கள். இதற்கென்றே வளையல்கார அப்துல் சுபான் வளையல் கோத்த மலாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டம் நடக்கிற ஊருக்கெல்லாம் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவார். மைக் செட்டுக்காரன் வராத கூட்டம் உண்டு, சுபான் பாய் வராத கூட்டம் இல்லை.

திரும்பும்போது ஜீப்பில் கிருஷ்ணப்பன் மடியைத் தடவி அந்த நாலு வளையலையும் எடுத்து நீட்டுவார். மற்றவர்கள் கொடுத்தது குண்டுமணி குறையாமல் தாலுகா கச்சேரிக்குப் போய்ச் சேர்ந்துவிடும்; அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. "கோழி முட்டை வெக்கணும்னா கூடையில ஒரு முட்டை கெடக்கணும் ரங்கா. அதைப் போயி யாராச்சும் தின்னுருவாங்களா?" என்பார்.

பக்கத்து வீட்டு ராமக்கா இதையெல்லாம் கவனிக்காமல் இருப்பாளா?

"ஏன் ரங்கம்மா, நேத்துக் குடுத்த வளையலு இன்னைக்குக் கையில மொளைச்சிருக்குது?"

"எருமையக் கறந்தா மறுநாளு சொரக்கறதில்லீங்களா, அப்பிடித்தான்" என்றாள் ரங்கம்மாள்.

பதிலில் பாதி உண்மை. அந்த வளையல்கள் எருமை போட்டவை. கிருஷ்ணப்பன் கட்சி கட்சி என்று அலைந்த காலத்தில், ரெண்டு எருமை வைத்துப் பால் ஊற்றி, ஒவ்வொன்றாக அவள் செய்துகொண்டவை. அந்த வீட்டில் நிலம் அவர் பேரில், கிணறு அவர் தம்பி பேரில், ரேடியோப் பெட்டி கட்சி பேரில். ரங்கம்மாள் பேரில் இருந்தது இந்த நாலு வளையல்தான்.

அப்படியிருக்க, ஒருநாள் கிருஷ்ணப்பன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

"தர்மபுரியில பெரிய கூட்டம். மேலதிகாரி வர்றாரு. அவரே கையில வாங்கி, எடை போட்டு, அங்கியே பெட்டியில வெச்சு அரக்கு முத்திரை போட்டுருவாராம்."

"அப்ப நம்ம முட்டை?"

"இந்தத் தடவ... போனது போனதுதான்."

"நான் வரலீங்க."

"வராம எப்பிடி? நோட்டீசுல உம் பேரு போட்டாச்சு. 'கொடைவள்ளி'ன்னு போட்டிருக்குது."

"வளையலு எம்பட எருமை போட்டதுங்க."

"நாடு பெருசா, எருமை பெருசா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் குளிக்கப் போய்விட்டார். அவர் விரலில் மோதிரம், மணிக்கட்டில் தங்க நிறத்துக் கடிகாரம், ஜிப்பாவில் தங்கப் பொத்தான். அவற்றையெல்லாம் எந்தத் தாம்பாளமும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

கூட்டத்துக்கு முதல் நாள் ரங்கம்மாள் சுபான் பாய் கடைக்குப் போனாள்.

"பாய், தங்கத்தை மேல தள்ளிட்டு, அதுக்குக் கீழ கண்ணாடி ஏத்துங்க. மணிக்கட்டு வரைக்கும் நெறைக்கணும்."

"உனக்கு ரெண்டரை சைசும்மா."

"ரெண்டேகாலு போடுங்க."

பாய் திடுக்கிட்டார். "சோப்புப் போட்டு ஏத்திருவேன். ஆனா திரும்பி வராது தாயி. ஒடைச்சாத்தான் வரும்."

"வூட்டுக்காரர் உசுரோட இருக்கறப்ப வளையல ஒடைக்கற பொம்பள எந்த ஊருல இருக்கறா?"

பாய் அவள் முகத்தைப் பார்த்தார். நாலு தங்க வளையலையும் பார்த்தார். அப்புறம் சோப்பைக் குழைத்தார்.

தர்மபுரிக் கூட்டத்துக்கு ஜனம் நெரிந்தது. கிருஷ்ணப்பனுக்குக் கழுத்து மறைகிற மாதிரி சம்பங்கி மாலை. தங்கம் பெட்டிக்குள் விழுந்ததும் முழங்குவதற்குப் பம்பை மேள செட்டு தயாராக நின்றது; சேர்மன் கையைத் தூக்குவதுதான் சைகை என்று ஏற்பாடு.

"தாய்மார்களே" என்று குரல் உடைந்தது. ரங்கம்மாள் எழுந்து போய் அதிகாரி முன்னால் கையை நீட்டினாள். முதல் கண்ணாடி வளையலைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. கிருஷ்ணப்பன் இழுத்தார். அதிகாரியின் டவாலிச் சேவகன் இழுத்தான். தேங்காய் எண்ணெய் வந்தது. எண்ணெய் மேடையெல்லாம் வழிந்தது, வளையல் நின்ற இடத்திலேயே நின்றது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

கிருஷ்ணப்பனுக்குப் பதற்றம். மைக் பக்கத்தில் நிற்கிறோம் என்பதையும் மறந்து, "அட, ஒடைச்சுத் தொலை!" என்றார். அது நாலு ஒலிபெருக்கியிலும் ஊருக்கே கேட்டது.

பெண்கள் பக்கம் மொத்தமாக எழுந்துவிட்டது. வீட்டை விட்டு நகராத ராமக்கா அன்றைக்கென்று பஸ் ஏறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தீங்களாடி கூத்த! ஆளு மாலையும் கழுத்துமா நிக்கறாரு, பொண்டாட்டி வளையல ஒடைக்கச் சொல்றாரு. இனி மேளம் ஒண்ணுதான் பாக்கி!"

கிருஷ்ணப்பன் அவர்களை அமர்த்தக் கையைத் தூக்கினார். சைகை வந்துவிட்டதென்று பம்பை செட்டு வெளுத்து வாங்க ஆரம்பித்தது.

பூனை குறுக்கே போனாலே வீட்டுக்குத் திரும்பிவிடுகிற மனுஷர் அவர். மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒடைக்காத! ரங்கா, ஒடைக்காத!" என்றார். அதுவும் நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டது.

பம்பையை நிறுத்திவிட்டு சுபான் பாயைக் கூப்பிட்டார்கள். அவர் மேடையேறி, வளையலைத் தட்டிப் பார்த்து, வைத்தியர் மாதிரி தலையாட்டினார்.

"கை மெலிஞ்சாத் தானா வந்துருங்க, ஐயா."

"எப்போ மெலியும்?" என்று அதிகாரி கேட்டார்.

"எருமைப் பால் குடிக்கற கைங்க. சொல்ல முடியாது."

அதிகாரி கையில் திறந்த பெட்டி, சிப்பந்தி கையில் அரக்கு. அரக்கு உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை கூட்டத்திலும் ஒரு வார்த்தை பேசியறியாத ரங்கம்மாள் மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாரும் மன்னிக்கோணும். எங்கை வர மாட்டேங்குது. எங்கூட்டுக்காரரு கையில கண்ணாடி வளையலு ஒண்ணும் இல்லீங்க. அவருது லேசா வந்துரும்."

அப்படியொரு கைதட்டல் கிருஷ்ணப்பனுக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. மோதிரம் வந்தது. கடிகாரம் வந்தது; தங்கம் இல்லை, பூச்சுதான் என்று அதிகாரி மைக்கிலேயே சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பொத்தான்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் பெண்கள் குலவை போட்டார்கள்.

திரும்பி வருகிற வழியில் ஜீப்பில் ஒரே காற்று. கிருஷ்ணப்பன் ஜிப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இண்டூர் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கண்ணாடி வளையல எப்பத்தான் கழட்டுவ?"

ரங்கம்மாள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க ஆயுசு விசயம்ங்க. அதுல நான் எப்பிடி அவசரப்படறது?"