உட்கார்ந்து எழுந்த வைத்தியம்

"நான் அந்தக் கம்ப்யூட்டரைக் கையால தொடவே இல்லீங்க. பின்பக்கத்தாலதான் சரி பண்ணேன்."

மச்சானின் பழுது பார்க்கும் கடையில், பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த ஒரு அம்மாளிடம் கண்டக்டர் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். அந்த அம்மாள் பிரிண்டரைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பதினோரு நாளா உலகத்துல இருக்கிற அத்தனை இன்ஜினியரும் தலையைப் பிச்சுக்கிட்ட கோளாறு. நான் உட்கார்ந்தேன், எந்திரிச்சேன். தீர்ந்துச்சு கதை."

உலகத்தில் இருக்கிற அத்தனை இன்ஜினியரும் என்று அவர் சொன்னது மச்சான் ஒருவரைத்தான். அவருடைய மனைவியின் தம்பி. அந்த ஒருவரும் மேசைக்குப் பின்னால் ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு, காது கேட்காதவர்போலக் குனிந்திருந்தார்.

கண்டக்டர் ஓய்வு பெற்று ஒரு வருஷம்தான் ஆகிறது. முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் நின்றவர். நின்றபடியே உலகத்தை ஒன்பது தடவை சுற்றி வந்திருப்பதாகச் சொல்வார். பத்தாவது சுற்றில் பாதியில் இறக்கிவிட்டுவிட்டார்களாம். அவர் வேலையை விட்ட அன்று துக்கம் தாங்காமல் பஸ் ஸ்டார்ட் ஆக மறுத்துவிட்டது என்பார். பாட்டரி போய்விட்டது என்பது அவருடைய மனைவியின் கட்சி.

வேலையை விட்டதும் அவர் செய்த முதல் காரியம், மகளுக்கு ஒரு நாற்காலி வாங்கியது. "காலம் பூரா நான் நின்னாச்சு. எம்பொண்ணு உட்காரணும். அதுவும் மகாராணி கணக்கா உட்காரணும்." கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு தடவை அமர்ந்து பார்த்துத் தேர்ந்தெடுத்தார். கறுப்பு நிறம், ஐந்து சக்கரம், வலை முதுகு. பக்கத்தில் இருக்கும் பிடியை நெம்பினால் மேலே ஏறும், கீழே இறங்கும். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் நாற்காலியைக் காட்டுவார், அப்புறம்தான் மகளைக் காட்டுவார்.

மகளின் வேலை, கட்டப்போகும் கட்டடத்தை முன்கூட்டியே திரையில் கட்டிக் காட்டுவது. ஒரு செங்கல்கூட வைப்பதற்கு முன்னால் அதன் கதவைத் திறந்து உள்ளே நடந்து பார்த்துவிடலாம். ஆனால் அவளிடம் இருந்ததோ அட்டை மாதிரி மெலிந்த லேப்டாப். கட்டடத்தைத் தூக்க அதற்குத் தெம்பு போதவில்லை. அதனால் மச்சான் ஒரு செருப்புப் பெட்டி அளவுக்கு இரும்புப் பெட்டி வாங்கி, அதற்குள் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். அதற்குத் தனி மின்சாரம், தனி விசிறி. அங்கிருந்து ஒரு தடித்த கேபிள் லேப்டாப்புக்கும், இன்னொன்று பெரிய திரைக்கும் போகும். மெலிந்த பிள்ளைக்கு வெளியே வைத்த ஒரு மூளை.

அந்த மூளைதான் படுத்தியது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று திரை கறுத்துவிடும். பெட்டி இருப்பதே தெரியாது என்று லேப்டாப் சாதிக்கும். செய்த வேலையெல்லாம் போய்விடும். ஐந்து நிமிஷம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல எல்லாம் திரும்பி வரும்.

அது வந்த நேரம் சரியில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மகள் ஒரு குழந்தைகள் நூலகத்தை, அதைக் கட்டப்போகும் குழுவினருக்கு நேரலையில் சுற்றிக் காட்ட வேண்டும். நடுவில் ஒரு தடவை அறுந்தாலும், அந்த நூலகத்தை வேறு அணிக்குத் தந்துவிடுவதாக மேலாளர் சொல்லியிருந்தார்.

"இத்தனை நாளும் மத்தவங்க வரைஞ்ச வீட்டுக்கு ஜன்னல் வெச்சுக்கிட்டு இருந்தேம்பா," என்றாள் மகள். "இதுதான் வாசல்லேருந்து கூரை வரைக்கும் என்னுது."

கண்டக்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டு வாங்கியபோதும் இறங்கவில்லை என்றே சொல்லிக்கொண்டு சாப்பிட்டார்.

உதவி செய்யலாம் என்றால் வீட்டில் அவருக்குத் தடை உத்தரவு. முன்பு ஒருமுறை மிக்ஸியைச் சரி செய்தார். அதன் மூடி பறந்துபோய்க் கூரையில் பதிந்த வட்டம் இன்னும் இருக்கிறது. "நீங்க எதையும் தொடக் கூடாது" என்று மனைவி அன்றைக்குப் போட்ட சட்டத்துக்கு இன்றுவரை திருத்தம் வரவில்லை.

ஆகவே வைத்தியம் முழுக்க மச்சான் கையில். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை அடியோடு அழித்து மறுபடி போட்டார். கேபிளை மாற்றினார். முதலில் லேப்டாப்பா, முதலில் பெட்டியா, எதை எப்போது முடுக்குவது என்று வரிசை மாற்றிப் பார்த்தார். கரண்ட் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடுகளை எல்லாம் நிறுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பெட்டி, லேப்டாப், திரை எல்லாவற்றையும் கடைக்கே தூக்கிக்கொண்டு போனார். அங்கே இரண்டு நாள் இமைக்காமல் ஓடியது. கார்டைக் கழற்றிக் கடையின் பெரிய கம்ப்யூட்டரில் நேராகச் செருகினார். அதிலும் ஓடியது. மச்சான் மாலை போடாத குறையாக அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்து, "இனிமே பிரச்சினையே இல்ல" என்றார். மாமாவுக்குக் காபி போடலாம் என்று மகள் எழுந்தாள். திரை கறுத்தது.

மச்சான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அக்கா, கோளாறு பெட்டியில இல்ல. உங்க வீட்டுலதான் ஏதோ இருக்கு."

"ஆமா," என்றார் அக்கா. "உன் அத்தான் இருக்காரு."

வெள்ளிக்கிழமை காலையில் மச்சான் கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு வந்தார். கண்டக்டர் கெஞ்சிக் கூத்தாடி அறைக்குள் இடம் பிடித்தார். மூலையில் ஒரு முக்காலி, கைகள் இரண்டும் கக்கத்தில். "மூச்சு மட்டும் விடலாம்" என்பது நிபந்தனை.

முதலில் வாசல் மணி அடித்தது. மகள் எழுந்து பார்சலை வாங்கி வந்தாள். திரை கறுத்திருந்தது. மச்சான் கண்கள் மின்ன, மணியின் பாட்டரியைப் பிடுங்கினார். அடுத்த அறையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனை எடுக்க மகள் போனாள். மறுபடி கறுப்பு. சார்ஜர் கழற்றப்பட்டது. சமையலறையில் மிக்ஸி சுற்ற, என்னம்மா கேட்டே என்று மகள் எழுந்து போக, மறுபடியும். மிக்ஸி கைதானது. பிறகு பிரிட்ஜ், பிறகு வாஷிங் மெஷின், பிறகு ஹால் விசிறி. சுவர்க் கடிகாரத்தைக்கூட மச்சான் இறக்கிக் குப்புறப் படுக்க வைத்தார்.

"இன்னும் நான் ஒருத்திதான் ஓடிக்கிட்டு இருக்கேன்," என்றார் மனைவி. "என்னையும் பிடுங்கிப் போட்டுடு."

இரண்டு மணி வாக்கில் அந்த வீட்டில் நிலவிய அமைதி, உலகம் தோன்றுவதற்கு முன்னால்கூட இருந்திருக்காது. எறும்பு போனால் கண்டக்டரால் அதன் ஆறு காலையும் எண்ணியிருக்க முடியும். அந்த அமைதியில் மகள் தண்ணீர் குடிக்க எழுந்தாள்.

புஸ்ஸ்.

திரை கறுத்தது.

கண்டக்டரின் முதுகு நிமிர்ந்தது. அது பஸ் கதவு திறக்கும் சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் முப்பத்திரண்டு வருஷம் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். எந்த சீட்டில் யார் எழுந்தாலும், திரும்பிப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். மணி அடித்தபோது மகள் எழுந்தாள். போனுக்கு எழுந்தாள். மிக்ஸிக்கு எழுந்தாள். மாமாவின் காபிக்கு எழுந்தாள். கடையில் இரண்டு நாளும் மச்சான் உட்கார்ந்திருந்தது மர ஸ்டூலில்.

சத்தம் வந்தது நாற்காலியிலிருந்து. அவர் வாங்கிய நாற்காலியிலிருந்து.

தெருவில் போகிறவரைக்கூடக் கூப்பிட்டுக் காட்டிய நாற்காலி. அதைக் குற்றவாளிக் கூண்டில் தானே எப்படி ஏற்றுவது? தயக்கம் அரை நிமிஷம்தான். அவர் கணக்கில் அது ஒரு யுகம். தண்ணீர் குடித்துவிட்டு வந்த மகளின் கண்கள் வீங்கியிருந்தன. மணி இரண்டு இருபது.

"கண்ணு, ஒவ்வொரு தடவை அணையும்போதும் நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"

"எத்தனை தடவைப்பா சொல்றது? நான் எதையுமே தொடல. எந்திரிச்சேன், அவ்வளவு..." பாதியில் நின்றாள்.

"மச்சான், பெட்டிய விட்டுடு. நாற்காலிய பாரு."

மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். பதினோரு நாளில் அவர் சிரித்தது அப்போதுதான். "அத்தான், அதுக்கு ஒயரே கிடையாது!"

"ஒயர் இல்லாமலே வம்பு பண்ற ஆளுங்களை நான் நிறைய ஏத்தியிருக்கேன். தள்ளு."

திரையில் நூலகம் மீண்டும் விரிந்ததும் கண்டக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். திரையில் குழந்தைகளுக்கான குட்டி மேசைகள் அப்படியே இருந்தன. மறுபடி உட்கார்ந்து எழுந்தார். அப்படியே இருந்தன. மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாவது தடவை, புஸ்ஸ், நூலகம் இருண்டது.

"தற்செயல்," என்றார் மச்சான்.

ஒவ்வொரு தடவையும் எல்லாம் திரும்பி வரக் காத்திருந்து, கண்டக்டர் தோப்புக்கரணம் போடுவதுபோல உட்கார்ந்து எழுந்தார். முழங்கால் முணுமுணுத்தது. பதினோரு தடவை எழுந்ததில் ஏழு தடவை திரை போனது.

"அத்தான் எந்திரிக்கிற தோரணையில ஏதாவது ஆடியிருக்கும்," என்றார் மச்சான். குரலில் சத்து குறைந்திருந்தது.

"அப்ப நீயே உட்காரு மச்சான். மேசையை விட்டு ஒரு அடி தள்ளியே உட்காரு."

மச்சான் நல்ல கனமான மனிதர். மேசையில் எதுவும் படாமல், பட்டாபிஷேகத்துக்கு வந்த ராஜா மாதிரி மெல்ல அமர்ந்தார். மெல்ல எழுந்தார். நாற்காலி நீளமாகப் பெருமூச்சு விட்டது. திரை அணைந்தது. பெட்டியின் விளக்கும் அணைந்தது.

மச்சான் போனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். பிறகு யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்: "வேற சிலருக்கும் நடந்திருக்காம். ஏறி இறங்குற நாற்காலிக்குள்ள ஒரு காத்துக் குழாய் இருக்கு. எந்திரிக்கும்போது பாரம் குறையுதுல்ல, அப்ப உள்ள துளியூண்டு மின்பொறி தெறிக்குமாம். நமக்குத் தெரியாது. இந்த கேபிள் அதை ஆன்டெனா மாதிரி வாங்கிக்குதாம்."

"சுருக்கமா சொல்லு," என்றார் அக்கா.

"நாற்காலிதான்க்கா."

கண்டக்டரே அதை ஹாலுக்கு உருட்டிக்கொண்டு போனார். சாப்பாட்டு மேசையின் மர நாற்காலி அறைக்குள் போனது. நாலு மணிக்குக் கதவு சாத்தப்பட்டது. ஹாலில் எல்லாரும் நின்றார்கள். தப்பித்தவறிக்கூட யாரும் எதிலும் உட்காரவில்லை. கண்டக்டர் கதவோரம் ஒரு கையால் நிலையைப் பிடித்தபடி, படிக்கட்டுப் பயணி மாதிரி நின்றார். எழுபது நிமிஷம். உள்ளே நேரலையில் குழுவினர் நூலகத்தின் ஒரு கதவு விடாமல் திறக்கச் சொன்னார்கள், கழிப்பறைக் கதவு உட்பட.

மகள் வெளியே வந்தாள். "ஒரு தடவைகூட போகல. கூரைய கொஞ்சம் உசத்தச் சொன்னாங்க. மத்தபடி அப்படியே வெச்சுக்கிறாங்களாம்."

மனைவி பிரிட்ஜை முடுக்கினார். மச்சான் கடிகாரத்தைச் சுவரில் மாட்டினார். கண்டக்டர் மட்டும் நாற்காலியின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இதைத் திருப்பிக் குடுத்துடுறேம்மா. உனக்கு நல்லது பண்றதா நினைச்சு..."

"கை வெச்சீங்கன்னா தெரியும்!" மகள் ஓடிவந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க நின்னு நின்னு வாங்கினது இது. மாமா, பெட்டிய ஏதாவது பண்ணுங்க. நாற்காலி இங்கதான் இருக்கும்."

மறுநாள் மச்சான் நீளம் குறைந்த, நல்ல கவசமுள்ள கேபிள் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் இரண்டு முனையிலும் வெளி மின்பொறியைத் தடுக்கும் கறுப்பு வளையம் ஒவ்வொன்றை மாட்டினார். பெட்டியை மேசையின் மறுகோடிக்கு நகர்த்தினார். பிறகு தானே நாற்காலியில் இருபது தடவை உட்கார்ந்து எழுந்தார். திரை கண் சிமிட்டவில்லை. மச்சானுக்குத்தான் இரண்டு நாள் தொடை வலி.

கண்டக்டர் இந்தக் கதையை அதற்குப் பிறகு கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல மச்சானின் எடை கூடியது, திரை அணைந்த எண்ணிக்கையும் கூடியது. நாற்காலியை வாங்கியது யார் என்பது மட்டும் எந்தத் தடவையும் கதைக்குள் வரவில்லை.

"...அப்படி நாப்பது தடவை எந்திரிச்சேன், நாப்பது தடவையும் திரை அணைஞ்சுது," என்று முடித்தார் இப்போது.

பிரிண்டர் அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மேசைப் பக்கம் திரும்பினார். "ஏங்க, இவரு சொல்றது நிஜமா? அது சரி, அப்படியொரு நாற்காலிய எவன் வாங்கினான்?"

கண்டக்டர் சட்டென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். மச்சான் ஸ்க்ரூ டிரைவரை வாயிலிருந்து எடுத்தார். அத்தானை ஒரு பார்வை பார்த்தார். அதில் பதினோரு நாளும் இருந்தது, இருபது தோப்புக்கரணமும் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நாப்பது இல்லீங்க. அணைஞ்சது எட்டு. அந்த எட்டாவதுக்கு எந்திரிச்சது நான்." பிரிண்டருக்குக் கை நீட்டினார். "ஆனா நடந்துச்சு."