தோழர் அன்ரோவின் லீவுக் கடிதம்

ஆண்டுக் கூட்டத்தில் முதலில் கொடி, பிறகு அஞ்சலி, அதற்குப் பிறகு தோழர் அன்ரோவின் லீவுக் கடிதம். முப்பத்துமூன்று வருசமாக இந்த ஒழுங்கு பிசகியதில்லை.

வாவியின் இரண்டு கரையிலுமாக நாற்பது பேர் உள்ள சின்னக் கம்யூனிஸ்ட் கட்சி அது. அதன் செயலாளர் அன்ரோ தொண்ணூறாம் ஆண்டு ஒரு மத்தியானம் கூட்டத்துக்கு வருவதற்காகப் அக்கரையில், படுவான்கரைத் துறையில் நின்றார். நின்றதைக் கண்டவர்கள் உண்டு. ஆட்களை ஏற்றிக்கொண்டு பாதை என்னும் மிதவை இக்கரைக்கு வந்தபோது அவர் அதில் இல்லை.

கட்சிச் சட்டம் பொல்லாதது. அறிவிக்காமல் ஆண்டுக் கூட்டத்துக்கு வராதவரின் பொறுப்பும் போகும், பெயரும் போகும். பெயரை வெட்டினால் மனுசன் செத்துப்போனதாகத்தானே அர்த்தம் என்று அன்ரோவின் மனைவி மக்டலின் ஜெயராஜாவிடம் வந்து நின்றாள்.

ஜெயராஜா அரிசி மில்லில் மூட்டை சுமப்பவர். இருபத்தெட்டு வயதில்தான், மில் உமிக் கொட்டிலில், கணக்கப்பிள்ளையாக இருந்த அன்ரோவிடம் எழுத்துப் படித்தார். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன இவருடைய கையைத் தன் கைக்குள் வைத்து அன்ரோ உருட்டி உருட்டிப் பழக்கியதில் இரண்டு பேரின் எழுத்தும் ஒரே அச்சாகிவிட்டது. "சுகவீனம் காரணமாக இம்முறை சமுகமளிக்க முடியாதுள்ளது." வாழ்க்கையில் ஜெயராஜா எழுதிய முதல் கடிதம், அன்ரோவின் பெயரில், அதுதான். பிறகு வருசா வருசம் எழுதித் தபாலில் போட்டார். எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. செயலாளர் லீவில் நிற்பதால் ஜெயராஜா பதில் செயலாளர்.

இந்த முறை அவர் எழுதவில்லை.

அக்கரையில் தண்ணீருக்குள் நிற்கும் கண்டல் காட்டை ஓர் இறால் கம்பெனி வளைத்து முள்வேலி அடித்திருந்தது. தோணி விட வழியில்லை. வழக்குப் போட முழுச் செயலாளரின் கையொப்பம் வேண்டும், பதில் ஆளின் ஒப்பம் செல்லாது என்று லோயர் கையை விரித்துவிட்டார். அன்ரோவின் பெயரை வெட்டிவிட்டு, காத்தான்குடியில் தறி நெய்யும் ஹஸீனாவைச் செயலாளராக்குவோம், வேலியை முதல் வேலையாக எடுப்போம் என்று தோணிக்காரன் சதீசன் ஒற்றைக்காலில் நின்றான். காணாமல் போனவர்களைத் தேடுவதே முதல் வேலை என்று மக்டலின் ஒவ்வொரு கூட்டத்திலும் எழும்பிச் சொல்வாள். ஒவ்வொரு கூட்டத்திலும் அது இரண்டாம் இடத்துக்குப் போகும். இந்தப் பாரத்தைச் சுமந்து ஜெயராஜாவுக்கும் முதுகு முறிந்துவிட்டது. எழுதமாட்டேன் என்று சதீசனுக்கு வாக்குக் கொடுத்தார். மக்டலினிடம் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

புளியந்தீவில் கூட்டம். பகல் பத்து மணி. காற்று செத்து, யன்னலுக்கு வெளியே வாவி அசைவில்லாமல் கிடந்தது. மக்டலின் தாலிக்கொடி தெரிய மூன்றாம் வரிசையில் இருந்தாள். தலைவர் அப்துல் கபூர் தபால்களைப் பிரிக்கத் தொடங்கியதும் ஜெயராஜா குனிந்து தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோழர் அன்ரோவின் லீவுக் கடிதம்" என்றார் கபூர்.

ஜெயராஜா நிமிர்ந்தார். கபூர் வாசித்தார்.

"தோழர்களே, எனக்காக எழுதிவரும் தோழர் இம்முறை எழுதாதபடியால் நானே எழுதுகிறேன். நான் இருக்கும் இடத்தை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். ஆகையால் வர முடியாதுள்ளது. லீவு தரவும்."

சதீசன் பல்லைக் கடித்தான். "வாக்கும் குடுத்திட்டு நாடகமும் போடுறீங்க. நல்ல பதில் செயலாளர்தான் கா நீங்க."

"நான் எழுதல்ல" என்றார் ஜெயராஜா.

அவரே நம்பாத குரலில் அது வந்தது.

ஹஸீனா பழைய கடிதக் கோவையை எடுத்து வந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பினாள். எல்லாம் ஒரே கை. புதியதன் தாள் மட்டும் உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்ட சீலைபோல் விறைத்திருந்தது. ஜெயராஜா ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போனார். இரண்டாயிரத்து மூன்றில் விரல் நின்றது. அடுத்தது நான்கு. அந்த இரண்டு வருசமும் அவர் கத்தாரில் சீமெந்துக் கல் சுமந்தார். வீட்டுக்கே ஒரு வரி எழுதவில்லை. மக்டலின் வேறு ஆளைப் பிடித்திருப்பாள் என்று நினைத்து அதை மறந்தும் போயிருந்தார்.

"மக்டலின், நான் கத்தார்ல நிண்ட ரெண்டு வருசமும் ஆரைக் கொண்டு எழுதின நீங்க?"

"நானா? நீங்கதானே அங்க இருந்து அனுப்பின நீங்க." அவள் முகம் சுருங்கியது. "அதுக்காக மாதாகோயில்ல உங்கட பேருக்கு மெழுகுதிரி கூடக் கொளுத்தினன்."

ஊற்றி வைத்த தேத்தண்ணியை ஒருவரும் தொடவில்லை. மக்டலின் எழும்பி வந்து கடிதத்தைக் கையில் எடுத்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. முகத்தருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள். கண்டல் சேற்று மணம் ஜெயராஜாவுக்கும் வந்தது.

"வேலி எந்த இடத்தில தொடங்குது மகள்?" என்று ஹஸீனாவைக் கேட்டாள்.

"படுவான்கரைப் பழைய துறையடியில இருந்து."

"அங்க என்ன செய்யப் போறாங்க?"

"திங்கக்கிழமை மிசின் வருதாம். இறால் குளம் வெட்ட."

மக்டலின் கடிதத்தைத் திரும்ப மேசையில் வைத்தாள். பிறகு கபூரைப் பார்த்துச் சொன்னாள்:

"அவர்ட பேரை வெட்டுங்க. ஹஸீனா ஒப்பம் வைக்கட்டும். அவங்க குளம் வெட்ட முதல் அந்த மண்ணை நாங்க பாக்கணும்."

அவளே முதலில் கையைத் தூக்கினாள். சதீசன் தலையைக் குனிந்தபடி இரண்டாவதாகத் தூக்கினான். ஹஸீனா செயலாளரானாள். வேலியும் வேலிக்குள் கிடக்கும் மண்ணும் ஒரே தீர்மானமாக, முதலாவதாக நிறைவேறின.

அறிக்கைப் புத்தகத்தில் கடைசி வரியைப் பதில் செயலாளர்தான் எழுத வேண்டும். ஜெயராஜா பேனையை ஊன்றினார். தோழர் அன்ரோ என்பது வரை வந்தது. அதற்கு மேல் கை ஓடவில்லை. மூட்டைக்குக் கீழே விறைத்த முதுகுபோல விரல்கள் நின்றுவிட்டன.

அப்போது ஈரமும் குளிருமாக ஒரு கை அவருடைய கைக்கு மேல் வந்து பொத்திப் பிடித்தது. உமிக் கொட்டிலில் பிடித்த அதே பிடி. ஜெயராஜா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் கை அவசரப்படாமல் உருட்டி உருட்டி எழுதியது: அவர்களின் பெயர் இன்றுடன் நீக்கப்பட்டது.

வரியின் முடிவில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அது விலகியது. தாளின் ஓரம் நனைந்திருந்தது. ஜெயராஜா உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் அதை ஒற்றிவிட்டுப் புத்தகத்தை ஹஸீனாவின் பக்கம் தள்ளினார், அவள் ஒப்பம் வைக்க.