பானெட் சூடாக இருந்தது

கராஜுக்குள் நுழைந்ததும் அக்காள் காரின் பானெட் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடாக இருந்தது.

"இப்பதான் ஓட்டினீங்களா?"

"இல்லம்மா" என்றார் காரை விற்கும் பெரியவர்.

டிரைவிங் பள்ளியில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். ஆறிக் கிடக்கும் எஞ்சினை ஸ்டார்ட் செய்து கேட்டால்தான் அதன் கோளாறு காதில் விழும் என்பது அவளுக்குத் தெரியும். கார் வாங்க வந்தது அவள் தம்பி. சிவப்பு நிறத்தில் தரையோடு தரையாகப் பதுங்கிக் கிடந்த அந்த வேகக் காரைப் பார்த்ததுமே அவன் பாதி மயங்கிவிட்டான்.

"அக்கா, கொஞ்சம் சிரிச்ச முகமா பாரேன். பொண்ணு பார்க்க வந்த மாமியார் மாதிரி நிக்கிற."

அவள் சிரிக்கவில்லை. கதவுக்கும் முன்பக்கத் தகட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி மேலே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இருந்தது, கீழே நகம்கூட நுழையவில்லை. பானெட்டைத் திறந்தாள். திருகாணிகளின் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தது. யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். சாவியைத் திருப்பினாள். ஏர்பேக் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். அது எரியவே இல்லை.

தலைக்கு மேலே மாடியில் எதுவோ தரையைத் தட்டியது. பெரியவர் கூரையைப் பார்த்தார்.

"சீக்கிரம் பாத்துக்குங்கம்மா. பிடிச்சிருந்தா இப்பவே எடுத்துட்டுப் போயிடுங்க."

"ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமா?" என்று தம்பி சாவிக்காகக் கை நீட்டினான்.

"இரு." அக்காள் பக்கத்து இருக்கையின் சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்தாள். பாதிக்கு மேல் அது நெளி நெளியாக இருந்தது, நார் இழுபட்டுப் பளபளத்தது. ஓர் உடம்பின் முழுப் பாரத்தையும் ஒரே நொடியில் தாங்கிய பெல்ட்தான் அப்படி ஆகும். அவள் கை தானாகவே அதை விட்டுவிட்டது.

"ஐயா, இங்க யார் உக்காந்திருந்தாங்க?"

அவர் குனிந்து அந்த இருக்கையைப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரி" என்றார். "ஓட்டினது மகன். அவனுக்குக் காலோட போச்சு. அவ உயிரோட வீடு திரும்பல. அவனே ஆளைப் பிடிச்சு வண்டியை ரிப்பேர் பண்ணிட்டான். தினமும் காலையில இறங்கி வந்து, உள்ள உக்காந்து, ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை மிதிச்சுட்டே இருப்பான். இப்ப மாத்திரை போட்டுத் தூங்குறான்னு நினைச்சேன்."

மாடிப்படியில் ஊன்றுகோலின் சத்தம் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு படியாக.

தம்பி காரைவிட்டு விலகி நின்றான். "அக்கா, போலாம் வா."

"போனா இவர் அடுத்தவன் தலையில கட்டுவார். இல்லன்னா இவர் புள்ளையே ஓட்டுவான்." அவள் பெரியவர் பக்கம் திரும்பினாள். "வண்டி யார் பேர்ல இருக்கு?"

"என் பேர்லதான்."

"அப்ப உடைக்கிற இடத்துக்கு அனுப்பிடலாம். சம்மதமா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அவள் தனக்குத் தெரிந்த இழுவை வண்டிக்காரனைக் கூப்பிட்டாள்.

அவன் வருவதற்குள் மகன் வாசலுக்கு வந்துவிட்டான். ஒல்லியான பையன், நல்ல முகம். கோபமே இல்லை.

"சாவி யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட. வண்டியை நான் வாங்கிட்டேன்" என்றாள் அக்காள்.

"நல்லா ஓடும்" என்றான் அவன். "மூணாவது கியர்லதான் அதோட குணம் தெரியும். அம்மாவுக்குக்கூடப் பிடிச்சிருந்தது."

கார் சங்கிலியில் தொங்கித் தெருமுனை திரும்பும்வரை அசையாமல் நின்று பார்த்தான். கார் வாங்கும் பேச்சை அதற்குப் பிறகு தம்பி எடுக்கவே இல்லை.

மழைக்காலம் தொடங்கியபோது பெரியவர் போன் செய்தார்.

"அவன் வேற ஒண்ணு வாங்கிட்டான்மா. அதே மாதிரி. நீங்க வந்து ஒரு தடவை பாத்துச் சொல்ல முடியுமா?"

"வர்றேன் ஐயா. இப்ப கராஜுலதானே நிக்குது?"

அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"இல்லம்மா" என்றார்.