சூப்பர்வைசரம்மா கொடுத்த லீவு

“எவடி உன்ன இந்த செக்ஷனுக்கு அனுப்பினது?” என்று கத்தியபடியே மாமியார் மருமகளின் கையைப் பிறாண்டினார். ஈரத்துணியை மாற்றிவிடலாம் என்று குனிந்தவளுக்குப் புறங்கையில் நீளமாக ஒரு கோடு விழுந்து ரத்தம் எட்டிப்பார்த்தது. துணி பாதி கழன்ற நிலையில் மாமியார் கட்டிலின் மூலைக்கு நகர்ந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு முறைத்தார்.

முன்னறையில் அவர் பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் அவர்களுக்குக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டதும் மகன் டீவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினான்.

மாமியார் ஒரு காலத்தில் பிஸ்கட் தொழிற்சாலையில் பேக்கிங் செக்ஷன் சூப்பர்வைசர். மறதி நோய் வந்த பிறகு செத்துப்போன புருஷனின் முகம் மறந்தது, பெற்ற பிள்ளைகளின் பெயர் மறந்தது, கழிப்பறை எந்தப் பக்கம் என்பதும் மறந்துபோனது. தொழிற்சாலை மட்டும் மறக்கவில்லை. இப்போது அவருக்கு இந்த வீடுதான் பேக்கிங் செக்ஷன். “நான் உங்க மருமக, அத்தை” என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மருமகள், கடைசியில் “புதுசா சேர்ந்திருக்கேன் மேடம்” என்று சொல்லப் பழகிக்கொண்டாள். அப்படிச் சொன்னால்தான் ஒரு வாய் சாப்பாடாவது உள்ளே போகும். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பார்த்த நல்ல வேலையை விட்டுவிட்டு அவள் சேர்ந்த புது வேலை இதுதான்.

அன்று காலை அவளுக்கு ஒரு போன் வந்திருந்தது. அவளைப் பெற்ற அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறாள். மறுநாள் ஆபரேஷன். அந்த அம்மாவுக்கு இவள் ஒருத்திதான் பிள்ளை, அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். “சொந்தக்காரங்க யாராவது கூட இருக்கணும்னு சொல்றாங்கம்மா, சீக்கிரம் வந்துடு” என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

மருமகள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததையே மறுபடியும் கேட்டாள்.

“எல்லாம் சரி, நீ போயிட்டா அம்மாவ யாரு பாத்துக்குவா?” என்றான் புருஷன்.

“நீங்க இருக்கீங்க. அண்ணியும் வந்திருக்காங்க.”

நாத்தனார் கோப்பையைக் கீழே வைத்தாள். “நான் எப்படிம்மா இருக்கறது? என் மாமியாருக்குச் சக்கரை. போய் ஊசி போடலன்னா அந்த வீட்ல என்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. எங்கம்மா பக்கத்துல ஒரு நாள் படுத்துக்கணும்னு எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?” சொல்லும்போது அவள் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை.

என்ன நியாயமோ இது! நாத்தனாரின் அம்மாவை மருமகள் பார்க்க வேண்டும், நாத்தனாரோ தன் மாமியாரைப் பார்க்க வேண்டும். பெற்றவளைப் பார்க்க எந்த மகளுக்கும் வழியில்லை. மகன்களுக்கோ யாரையுமே பார்க்க வேண்டிய தேவையில்லை.

“நீங்க பாத்துக்கக் கூடாதா?” என்று மருமகள் புருஷனைக் கேட்டாள்.

“ஆம்பள நான் எப்படித் துணி மாத்தறது? பாக்க நல்லாவா இருக்கும்? உன் அளவுக்குப் பொறுமை யாருக்கும் வராதும்மா. நீ அவங்களுக்கு மருமகளா? மகள்!”

வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மகள் இதோ உக்காந்திருக்காங்களே! நான் வேற ஒருத்தங்களுக்கு மகள். அவங்க அங்க தனியா கெடக்கறாங்க!”

“கத்தாத. தெருவுக்கே கேக்கும்.”

இத்தனை நாள் அவன் அம்மா கத்தியது தெருவுக்குக் கேட்டதைப் பற்றி அவன் கவலைப்பட்டதே இல்லை.

“வேலை நேரத்துல என்ன சத்தம் இங்க? காப்பி வேறயா?”

உள்ளறை வாசற்படியில் மாமியார் நின்றுகொண்டிருந்தார். ஒரு தோளில் மட்டும் துணி தொங்கியது. குரல் மட்டும் பழைய சூப்பர்வைசரம்மாவின் குரலேதான். “எல்லாரும் கையக் காட்டுங்க.”

தொழிற்சாலையில் அது தினசரி நடைமுறை. வேலை தொடங்கும் முன் எல்லாரும் கையை நீட்ட வேண்டும். நகம் வளர்ந்திருந்தால் திட்டு விழும். காயம் இருந்தால் பேக்கிங் மேசைப் பக்கமே விடமாட்டார்கள். மருமகள் எதுவும் யோசிக்காமல் கையை நீட்டினாள். மாமியார் அதைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சோப்பு தின்று வெடித்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினார். கடைசியில் ரத்தக்கோட்டில் வந்து நின்றார்.

“இது எப்படி ஆச்சு?”

“கீறிடுச்சு மேடம்.”

“இந்தக் கையோட உன்ன எவன் வேலைக்கு வரச் சொன்னான்? லீவு குடுக்க மாட்டானாமா? வீட்டுக்குப் போ. ஆறினப்புறம் வந்தா போதும்.”

பிறகு பெற்ற பிள்ளைகளின் கைகளைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். “கை பூ மாதிரி இருக்கு. வேலையே செய்யறதில்லையா? இவ எடத்துல நீங்க நில்லுங்க.”

நாத்தனார் சிரித்தாள். “அம்மாவுக்கு எப்பவும் தமாஷ்தான்.” வேறு யாரும் சிரிக்கவில்லை.

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒருவரும் மருமகளின் கையைப் பிடித்து, ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை.

“சரி மேடம்” என்றாள்.

உள்ளே போய்ப் பையில் இரண்டு துணியைத் திணித்துக்கொண்டு வந்தாள். மாமியாரின் மாற்றுத்துணியைப் புருஷனின் மடியில் வைத்தாள். “முதல்ல வலது கைய உள்ள விடுங்க, அவசரப்படுத்தாதீங்க. மேடம்னு கூப்பிடுங்க. அம்மான்னா யாரையோ கூப்பிடறதா நெனச்சுப் பயந்துடுவாங்க.”

“புத்தி பேதலிச்சவங்க சொன்னாங்கன்னு கெளம்பறியா?”

“புத்தி தெளிவா இருக்கற உங்ககிட்டதான முதல்ல கேட்டேன்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் அவள் அம்மா படுக்கையில் பாதியாய்ச் சுருங்கிக் கிடந்தாள். மகளைப் பார்த்ததும் அழுதாள், கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அழுதாள். அந்த நேரம் பார்த்துப் போனில் ஒரு படம் வந்தது. புருஷன் கரண்டியோடு மாமியார் முன்னால் உட்கார்ந்திருந்தான். மாமியாரின் உடை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டியிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்கும்படி அனுப்பியது நாத்தனார்தான். கீழே பாராட்டு குவிந்தது. ‘பிள்ளைன்னா இவன் பிள்ளை.’ ‘பெத்த கடன தீத்துட்டான்.’ ‘இந்தக் காலத்துல இப்படி ஒரு மகனா!’ ஒரு கரண்டிச் சாப்பாட்டுக்குத்தான் இத்தனையும்.

“உன் மாமியார யாரு பாத்துக்கறா?” என்று அம்மா கேட்டாள்.

“அவங்க பெத்த பிள்ளைதான்.”

அம்மாவின் முகம் மாறியது. வலியை மறந்து தலையைத் தூக்கினாள். “ஐயோ, ஆம்பளப் பிள்ளைய இப்படிக் கஷ்டப்படுத்திட்டு வந்துட்டியே! நான் உன்ன வளத்தத பத்தி நாலு பேர் என்ன பேசுவாங்க? ஆபரேஷன் முடிஞ்சதும் ஓடிடு, என்ன? நான் எப்படியாவது சமாளிச்சுக்குவேன்.”

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. யார்மேல் காட்டுவது? எலும்பு முறிந்து கிடப்பவள்மேலா?

நர்ஸ் வந்து கட்டிலருகே நின்றாள். “இவங்க கூட இருக்கப் போறது யாருங்க?”

“யாரும் வேணாம்மா, அவளுக்கு வீடு இருக்கு” என்று அம்மா முந்திக்கொண்டாள்.

மகள் போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“நான்தான்” என்றாள். “இவங்க நடக்கற வரைக்கும்.”